ஒரு லேப்டாப்பில் இரண்டு அடுப்பு: விண்டோஸோடு லினக்ஸ் மின்ட்டையும் வைத்துக்கொள்வது எப்படி

எங்கள் காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீடுகளில் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான மகனுக்கு அதே வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு, தனிக் கணக்கு. முகப்பு ஒன்று, நடுமுற்றமான வளவு ஒன்று, சமையல் மட்டும் வேறு. என் லேப்டாப்பில் நான் செய்திருப்பதும் அதுதான். ஒரே டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஒரு பக்கம், லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் ஒரு பக்கம். பவர் பட்டனை அழுத்தினால் 'யார் வேண்டும்?' என்று கேட்கும். தேர்ந்தெடுத்தால் அந்த அடுப்பு எரியும். இரண்டும் ஒரே நேரத்தில் எரியாது.

நான் வீட்டிலேயே டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. இருபது வருடமாகப் பேஜ்மேக்கர். அதிலிருக்கும் தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் யூனிகோட் வருவதற்கு முந்திய காலத்தவை. அவற்றில் அடித்த கோப்புகள் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் இருக்கும். அண்ணன் பத்திரிகையை எடுத்து, பெயரை மாற்றி, தம்பிக்கு அடித்துக் கொடுக்கும் தொழில் இது. அதனால் விண்டோஸை விட முடியாது. ஆனால் 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. என்னுடையது ஏழாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். நல்லா ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

"அத்தை, இன்டர்நெட், பேங்க், மெயில் எல்லாம் லினக்ஸில் பாருங்க. விண்டோஸில் வைஃபையை அணைச்சுட்டு பேஜ்மேக்கரை மட்டும் வெச்சுக்குங்க" என்றான் அண்ணன் மகன். யோசனை அவனுடையது. செய்தது நான், அவன் கோயம்புத்தூரில் இருந்தபடி போனில் சொல்லச் சொல்ல. லினக்ஸை ஏற்றும் வேலை அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்கு முன்னால் விண்டோஸுக்குள் செய்ய வேண்டியவைதான் ஒரு நாள் வேலை. ஆகவே அதையே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பேக்கப். எனக்குத் தெரிந்த ஒருவர் லேப்டாப்பைக் கடையில் கொடுத்து 'லினக்ஸும் சேர்த்துப் போடுங்க' என்றார். கடைக்காரப் பையன் மொத்த டிஸ்க்கையும் அழித்துவிட்டு லினக்ஸை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டான். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள் போயின. வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் எடுங்கள். எடுத்தபின் அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே விட்டால், பின்னால் எந்த டிஸ்க்கைப் பிரிக்கிறோம் என்று குழப்பம் வரும்.

அடுத்து, உங்கள் கணினி எந்த முறையில் பூட் ஆகிறது, அதாவது எழுகிறது என்று பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் 'பயாஸ் மோட்' என்று ஒரு வரி இருக்கும். எதிரே யூஇஎஃப்ஐ என்றிருந்தால் இங்கே சொல்வது அப்படியே பொருந்தும். லெகசி என்றிருந்தால் அது பழைய முறை. அதில் டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் வகையாக இருக்கும், நான்கு முதன்மைப் பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்கின் பிரிவுகள்) மேல் போட முடியாது. தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பிறகு பிட்லாக்கர். செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று தேடிப் பாருங்கள். கொஞ்சம் புதிய லேப்டாப்களில் நாம் கேட்காமலேயே இது ஆனாகி இருக்கும். டிஸ்க் முழுவதும் பூட்டுப் போட்ட மாதிரி. இருந்தால் அணைத்துவிட்டு, பூட்டு முழுக்க அவிழும் வரை காத்திருங்கள். அணைக்க விருப்பம் இல்லையென்றால் 48 இலக்க மீட்புச் சாவியையாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் (விண்டோஸ் எழும் முன் வரும் மதர்போர்டு செட்டிங்) ஏதாவது மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். சாவியை அதே லேப்டாப்பில் சேமித்து வைப்பது, வீட்டைப் பூட்டி சாவியை உள்ளே போட்ட கதை. காகிதத்தில் அச்சடித்து வையுங்கள்.

நான்காவது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. பலரும் இதைத் தாண்டிப் போய்விட்டுப் பின்னால் அவதிப்படுகிறார்கள், நானும்தான். விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தால் அது முழுதாகத் தூங்குவதில்லை, கோழித்தூக்கம். அடுத்த முறை சீக்கிரம் எழுவதற்காகப் பாதி நினைவை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு, டிரைவ்களை 'என் கையில்தான் இருக்கிறது' என்ற நிலையிலேயே விட்டுப் போகும். அந்த நேரத்தில் லினக்ஸ் வந்து டி டிரைவைத் திறந்தால், படிக்க விடும், எழுத விடாது. சில சமயம் திறக்கவே மறுக்கும். அணைக்கும் வழி: கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடது பக்கம் 'பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும்' என்று தேர்வு செய்யும் இடம், அதில் 'இப்போது மாற்ற முடியாத செட்டிங்குகளை மாற்று' என்ற நீல வரியை அழுத்தினால் கீழே உள்ள டிக்குகள் உயிர் பெறும். 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதன் டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். பெரிய விண்டோஸ் புதுப்பிப்பு வந்த பிறகு அது திரும்ப ஆனாகியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

இனி இடம் ஒதுக்குவது

என் டிஸ்க் 480 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் கணக்கில் 447 என்று காட்டும். சி டிரைவ் 147 போல, மீதி டி. லினக்ஸ் மின்ட் குறைந்தபட்சம் 20 ஜிபி கேட்கிறது, 100 இருந்தால் வசதி என்கிறது. நான் 80 ஒதுக்கினேன். என் கோப்புகள் எல்லாம் டி டிரைவிலேயே இருப்பதால் அதுவே தாராளம்.

ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். பிரிக்க வேண்டிய டிரைவ் மேல் ரைட் கிளிக், 'ஷ்ரிங்க் வால்யூம்'. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எம்பியில் கேட்கும். 80 ஜிபி என்றால் 80000 என்று போடக் கை போகும். 1024-ஆல் பெருக்கி 81920 போடுங்கள். அழுத்தியதும் கறுப்புப் பட்டையோடு 'அன்அலகேட்டட்' என்று ஓர் இடம் உருவாகும்.

அதைத் தொடாதீர்கள். 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்து ஈ டிரைவாக்கிவிட வேண்டாம். நான் அப்படி ஆக்கி, ஃபார்மேட்டும் செய்துவிட்டு, "ரெடி" என்று போன் செய்தேன். "யாருக்கும் சொந்தமில்லாத இடமா இருந்தாத்தான் அத்தை லினக்ஸ் எடுத்துக்கும்" என்று திரும்ப அழிக்க வைத்தான்.

டி டிரைவ் இருந்தால் அதையே குறையுங்கள், சண்டை போடாது. சி டிரைவ் மட்டும்தான் என்றால், 60 ஜிபி காலியாக இருந்தும் 'பத்துதான் தர முடியும்' என்று சில சமயம் அடம்பிடிக்கும். நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம்: பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர் நகல்கள். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, குறைத்துவிட்டுப் பேஜ் ஃபைலையும் ரெஸ்டோரையும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வேலையின் போது சார்ஜர் செருகியிருக்கட்டும், பேட்டரியும் நிறைந்திருக்கட்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பென்டிரைவ்

லினக்ஸ் மின்ட் தளத்தில் சினமன் என்ற பதிப்பை எடுங்கள். நான் போட்டது 22-ஆம் வரிசை. அதற்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. இறங்கும் ஐஎஸ்ஓ கோப்பு (மின்ட் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. 8 ஜிபி பென்டிரைவ் போதும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

விண்டோஸில் ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து, பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டுங்கள். பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யூஇஎஃப்ஐ. ஐஎஸ்ஓ பெயருக்குப் பக்கத்தில் டிக் போட்ட மாதிரி ஒரு சின்ன பட்டன் இருக்கும். அழுத்தினால் எஸ்எச்ஏ256 என்று 64 எழுத்து நீளத்துக்கு ஒரு சரம் காட்டும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் சரத்தோடு முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்தாவது ஒத்துப் பாருங்கள். ப்ரூஃப் பார்க்கும் புத்தி எனக்கு, முழுசையும் பார்த்தேன். பாதியில் அறுந்து இறங்கிய கோப்பாக இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். பிறகு ஸ்டார்ட். ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்டால், பரிந்துரைத்திருக்கும் ஐஎஸ்ஓ முறையையே விடுங்கள்.

பென்டிரைவைச் செருகியபடி ரீஸ்டார்ட் செய்து, லோகோ வரும்போது பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப்9. அசூஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12, ஆனால் சில மாடல்களில் முதலில் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

வந்துவிட்டால் பென்டிரைவிலிருந்தே மின்ட் ஓடும். டிஸ்க்கில் இன்னும் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை. இதுதான் லினக்ஸில் எனக்குப் பிடித்த பழக்கம், பெண் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா, பிரிண்டர் தெரிகிறதா எல்லாம் இங்கேயே பாருங்கள். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சேமிப்பு முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கலாம். அதைச் சும்மா மாற்றினால் விண்டோஸ் எழாது. அங்கேயே நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ஏற்றுவது

டெஸ்க்டாப்பில் இருக்கும் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' சின்னத்தை இரண்டு தட்டு. மொழியில் தமிழும் உண்டு. ஆனால் பிரச்சினை வந்தால் போனில் எதிர்முனைக்குப் படித்துக் காட்ட வேண்டுமே என்று நான் ஆங்கிலமே வைத்தேன். பாட்டும் வீடியோவும் ஓட, மல்டிமீடியா கோடெக்ஸ் டிக் போடுங்கள். செக்யூர் பூட் (அங்கீகாரம் உள்ள மென்பொருளை மட்டும் எழவிடும் காவல்) ஆனில் இருந்தால் இங்கே ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லலாம். அதை எழுதி வையுங்கள், சற்று நேரத்தில் ஒரே ஒரு தடவை தேவைப்படும்.

'இன்ஸ்டாலேஷன் டைப்' என்ற பக்கம் வரும்போது எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். மூன்று வழி இருக்கும். 'விண்டோஸ் பூட் மேனேஜரோடு சேர்த்து ஏற்று' என்பது தானாகவே பிரித்துக்கொள்ளும் வழி. 'டிஸ்க்கை அழித்துவிட்டு ஏற்று' என்பதுதான் மேலே சொன்ன கடைக்காரப் பையன் அழுத்தியது. மூன்றாவது 'சம்திங் எல்ஸ்'. நான் இதைத்தான் சொல்வேன். எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துச் செய்யலாம்.

அதில் டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷனும் பட்டியலாக வரும். சி, டி என்ற பெயர்கள் இருக்காது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்றிருக்கும். என்விஎம்இ டிஸ்க் என்றால் பெயர் இன்னும் நீளம். பெயரைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்ற வரியில் எனக்கு 85899 எம்பி என்று காட்டியது. 81920 தானே விட்டோம், நாலாயிரம் எங்கிருந்து வந்தது என்று கை உதறிவிட்டது. இங்கே ஆயிரத்தால் கணக்கு, விண்டோஸில் 1024-ஆல் கணக்கு. இடம் அதே இடம்தான்.

அந்த வரியைத் தேர்ந்தெடுத்து கூட்டல் குறியை அழுத்துங்கள். அளவை அப்படியே விட்டு, வகை எக்ஸ்ட்4, மவுன்ட் பாயின்ட் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சாய்கோடு. அவ்வளவே. ஸ்வாப்புக்கு (மெமரி போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) தனிப் பார்ட்டிஷன் வேண்டியதில்லை, அதை ஒரு கோப்பாக மின்ட்டே வைத்துக்கொள்ளும். இஎஃப்ஐ என்று 100 எம்பி அளவில் ஒரு குட்டிப் பார்ட்டிஷன் ஏற்கெனவே இருக்கும். அதை ஃபார்மேட் செய்யாதீர்கள். அதுதான் முகப்பு. இரண்டு குடித்தனமும் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அடியில் பூட் லோடர் எங்கே என்று கேட்கும் இடத்தில், உள்ளே இருக்கும் டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா, பென்டிரைவின் பெயர் இல்லையே என்று மட்டும் பாருங்கள்.

'இன்ஸ்டால் நவ்' அழுத்தியதும் எதையெல்லாம் மாற்றப்போகிறது என்று ஒரு பட்டியல் காட்டும். அதில் நீங்கள் போட்ட எக்ஸ்ட்4 ஒன்றுதான் ஃபார்மேட் ஆவதாக இருக்க வேண்டும். வேறு பார்ட்டிஷன் பெயர் இருந்தால் பின்னால் போங்கள். சரியாக இருந்தால் தொடருங்கள். நேர மண்டலத்துக்குக் கொல்கத்தா, பிறகு பெயர், கடவுச்சொல். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பென்டிரைவைக் கழற்றி ரீஸ்டார்ட் செய்யும்போது, அந்தக் கடவுச்சொல் வைத்தவர்களுக்கு நீலத்திரை ஒன்று வரும். பயப்பட வேண்டாம், விண்டோஸ் நீலம் இல்லை. பத்து விநாடிக்குள் ஏதாவது விசையை அழுத்தி, 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'யெஸ்', கடவுச்சொல். கோட்டைவிட்டால் வைஃபை அல்லது கிராஃபிக்ஸ் டிரைவர் ஏதாவது வேலை செய்யாமல் போகலாம்.

அப்புறம் கிரப் பட்டியல், 'யார் வேண்டும்?' என்று கேட்கும் திரை. முதலில் லினக்ஸ் மின்ட், கீழே விண்டோஸ் பூட் மேனேஜர். பத்து விநாடி எதுவும் செய்யாமல் இருந்தால் மின்ட் திறக்கும். பட்டியலே வராமல் நேராக விண்டோஸ் போனால், பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். அங்கே 'உபுண்டு' என்ற பெயரில்தான் பெரும்பாலும் மின்ட் இருக்கும். அதை மேலே ஏற்றுங்கள். விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் வரிசை மாறியிருந்தாலும் இதே வைத்தியம்.

கடிகாரம் செய்த வேலை

இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஏற்றி மூன்றாம் நாள். ஒரு கல்யாணப் பத்திரிகை, 500 பிரதி. பகல் பன்னிரண்டுக்கு விண்டோஸில் பிடிஎஃப் எடுத்து, மின்ட்டுக்கு வந்து பெண் வீட்டாருக்கு மெயில் அனுப்பினேன். பெண்ணின் தாத்தா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' விட்டுப்போயிருக்கிறது என்றார்கள். நாலு மணிக்கு விண்டோஸுக்குப் போய்த் திருத்தி, வேறு பெயரில் பிடிஎஃப் எடுத்து, மின்ட்டுக்கு வந்து, தேதி வரிசையில் மேலே இருந்ததை அச்சகத்துக்கு அனுப்பினேன். பிளேட் போடப்போகும் நேரத்தில் அச்சகத்து அண்ணன் போன் செய்தார்: "ஏம்மா, திருத்தம் சொன்னியே, இதில் வரலையே?"

மேலே இருந்தது பன்னிரண்டு மணிக் கோப்பு. நாலு மணிக்கு எடுத்த கோப்பில் காலை 10:30 என்றிருந்தது. விண்டோஸ், மதர்போர்டு கடிகாரத்தில் நம் ஊர் நேரம் இருப்பதாக நினைக்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். மின்ட்டுக்குப் போய்த் திரும்பினால் விண்டோஸ் ஐந்தரை மணி பின்னால் ஓடும். இன்டர்நெட் இருந்தால் எப்போதாவது தன்னைத் திருத்திக்கொள்ளும். நான்தான் விண்டோஸில் வைஃபையை அணைத்து வைத்திருந்தேனே.

மின்ட்டில் டெர்மினல் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) திறந்து, ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் டைம்டேட்சிடிஎல் என்று அடித்து, இடம் விட்டு, செட், லோக்கல், ஆர்டிசி மூன்றையும் இடைக்கோடு போட்டு ஒட்டி, இடம் விட்டு, 1 என்று போட்டு (timedatectl set-local-rtc 1) என்டர். இந்த முறை அவ்வளவு உசிதமில்லை என்று பின்னால் அதுவே ஓர் எச்சரிக்கை காட்டும். என் வேலைக்கு இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. விண்டோஸில் போய் மணியை ஒரு தடவை கையால் சரிசெய்துவிட்டால் முடிந்தது.

தமிழ் தட்டச்சுக்கு, மின்ட்டின் கீபோர்டு செட்டிங்கில் லேஅவுட் சேர்க்கும் இடத்தில் தமிழ்நெட் 99 என்று தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அடிக்கும். பழைய எழுத்துருக் கோப்புகள் அதில் புரியாது. அவை விண்டோஸ் அடுப்பில்தான் வேகும். வளவு மாதிரி டி டிரைவ் பொதுவாக இருக்கிறது: பேஜ்மேக்கரில் பிடிஎஃப் எடுத்து அங்கே வைக்கிறேன், மின்ட்டிலிருந்து எடுத்து அனுப்புகிறேன்.

வேண்டாம் என்று தோன்றினால் லினக்ஸ் பார்ட்டிஷனை எடுத்த எடுப்பில் அழிக்காதீர்கள். கிரப் தன் வீட்டைக் காணாமல், கறுப்புத் திரையில் ஒரு வரியோடு நின்றுவிடும். முதலில் பயாஸ் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே வையுங்கள். விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். அதன்பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த 80 ஜிபியை நீக்கி, பக்கத்து டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கொடுத்தால் இடம் பழையபடி சேர்ந்துவிடும். பென்டிரைவை மட்டும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது மாதிரிப் பத்திரிகை ஆல்பத்தின் பின்னட்டைப் பையில், மீட்புச் சாவிக் காகிதத்தோடு இருக்கிறது.